24 பல்லா, 60 பல்லா? பலகை வெட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செங்காங்கின் வீவக வீடுகளில் நம் காலுக்குக் கீழே இருப்பது கான்கிரீட். அதன்மேல் சிமெண்ட் பூச்சு. அதற்கும் மேலே தரைக்கல் அல்லது வினைல். மரப்பலகைக்கு அந்த அடுக்கில் இடமே இல்லை.

ஆனாலும் செங்காங், பொங்கோல் போன்ற வட்டாரங்களில் புதுவீடு வாங்கும் பலரின் படுக்கையறைக்குள் பலகை வந்துவிடுகிறது. அறையின் ஒரு பாதியை முழங்கால் உயரத்துக்கு மேடையாக எழுப்பி, மேலே மெத்தையையும் கீழே பெட்டிகளையும் வைக்கும் வழக்கம் பரவலாகிவிட்டது. சிறிய அறையில் துணி, புத்தகம், பழைய மடிக்கணினி எல்லாவற்றையும் ஒளித்துவைக்க இது நல்ல வழி.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் அரங்கேற்றும் நாடகங்களுக்கும் பலகை மேடை வேண்டும். முகாம் சாவடிகளுக்கும் வேண்டும். செலவைக் குறைக்க மாணவர்களே ரம்பத்தைக் கையில் எடுப்பதுண்டு.

அப்போது எழும் முதல் கேள்வி, எந்த ரம்பம் வாங்குவது என்பதுதான். இணையத்தில் அதற்கு ஆயிரம் பதில்கள் கிடைக்கும். ஆனால் உண்மையில் பலகையைத் தொடுவது ரம்பத்தின் இயந்திரம் அன்று. அதில் பூட்டிய வட்டமான பிளேடு. நல்ல இயந்திரத்தில் தவறான பிளேடைப் பூட்டினால் பலகை கருகும், ஓரம் பிய்யும், சில நேரங்களில் விரலுக்கும் ஆபத்து வரும்.

மறைந்திருக்கும் தரை

மேற்கத்திய நாடுகளில் ‘கீழ்த்தரை’ என்றால் எல்லாருக்கும் புரியும். கனடாவிலும் அமெரிக்காவிலும் தனிவீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் கட்டப்படுகின்றன. வரிசையாக நிற்கும் மர உத்திரங்களின்மேல் ஒட்டுப்பலகையையோ, மரச்சீவல்களைப் பசையுடன் அழுத்திச் செய்த ‘ஓஎஸ்பி’ பலகையையோ விரித்து ஆணியடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் தரை அதற்கு மேலே வரும். டொரோண்டோ வட்டாரத்தில் இத்தகைய வீடுகளில் வாழும் தமிழர்கள் அன்றாடம் நடப்பது அந்தப் பலகையின் மீதுதான். பார்ப்பது மட்டும் அதை மூடியிருக்கும் கம்பளத்தை.

சிங்கப்பூரிலும் மரத்தரை இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில், இரு பக்கச் சுவர்களுக்கு இடையே மர உத்திரங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் பலகை அடித்து மாடித் தரையை அமைத்தார்கள். கம்பத்து வீடுகளிலும் மரம்தான். அத்தகைய மரவீடுகள் நெருக்கமாக இருந்த புக்கிட் ஹோ சுவீயில் 1961 மே 25ஆம் தேதி பரவிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. அதற்குப்பின் வேகமாக எழுந்த வீவக அடுக்குமாடிகள் கான்கிரீட் தரையையே நமக்குப் பழக்கமாக்கிவிட்டன.

வீவக வீட்டில் அந்தக் கான்கிரீட்டின்மேல் இன்னும் சிமெண்ட் கொட்டித் தரையை இஷ்டம்போல் உயர்த்த முடியாது. சிமெண்ட் பூச்சும் அதன்மேல் பதிக்கும் தரைப்பொருளும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. கட்டடம் தாங்க வேண்டிய எடைக்கு ஒரு வரம்பு உண்டல்லவா? எனவே மேடை வேண்டுமென்றால் உள்ளே வெற்றிடம் விட்ட மரச்சட்டமும் அதன்மேல் பலகையும்தான் வழி. டொரோண்டோ வீட்டின் கீழ்த்தரையும் செங்காங் படுக்கையறை மேடையும் இந்த வகையில் உறவினர்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பண்பு இருக்கிறது. பலகையின் பெரும்பகுதி கடைசியில் மூடப்பட்டுவிடும். பிளேடைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு செய்தியே பாதி விடை.

கூடுதல் எண் என்றால் கூடுதல் தரமா?

கையால் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பங்களில் பரவலாகக் காணப்படுவது சுமார் 185 மி.மீ. விட்டமுள்ள பிளேடு. அதே விட்டத்தில் 24 பல், 40 பல், 60 பல் என்று பல வகைகள் உண்டு. மதிப்பெண்ணைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, எண் கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணம் தானாக வரும். இங்கே அது பொருந்தாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரம்பம் நிமிடத்துக்கு 5,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 பல் பிளேடு ஒரு நிமிடத்தில் 120,000 முறை மரத்தைக் கடிக்கும். நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ரம்பத்தைத் தள்ளினால், ஒவ்வொரு கடியிலும் ஒரு பல் முன்னேறுவது 0.025 மி.மீ. அதே வேகத்தில் 60 பல் பிளேடு 300,000 முறை கடிக்கும். அப்போது ஒரு பல்லின் பங்கு வெறும் 0.01 மி.மீ.தான்.

கடி சிறியதாக இருந்தால் வெட்டு வழவழப்பாக இருக்கும். அது நன்மை. ஆனால் கடி மிகமிகச் சிறியதாகிவிட்டால் பல் மரத்தைச் சீவுவதற்குப் பதிலாக உரசத் தொடங்கும். உரசினால் சூடு பிறக்கும். சூட்டில் ஓரம் கருகும், ஒட்டுப்பலகையின் பசை இளகிப் பல்லில் அப்பிக்கொள்ளும், இயந்திரம் திணறும். பொறுமை இழந்து நாம் அழுத்தித் தள்ளுவோம். விபத்துகளுக்கு வழி திறப்பது இந்த அழுத்தம்தான்.

பல் குறைந்தால் பற்களுக்கு இடையே உள்ள பள்ளம் பெரிதாகும். வெட்டிய மரத்தூள் வெளியேற அந்தப் பள்ளம்தான் பாதை. தடிமனான பலகையை நீளவாக்கில் வெட்டும்போது தூள் நிறைய வரும். பள்ளம் பெரிதாக இருந்தால் ரம்பம் மூச்சுத் திணறாமல் ஓடும்.

ஆகவே மூடப்படப்போகும் 18 மி.மீ. பலகைக்கு 24 பல் பிளேடு போதும். வேகமாக வெட்டும், ரம்பமும் சிரமப்படாது. ஓரத்தில் கொஞ்சம் பிசிறு இருக்கும். அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரம் ஈரப்பதத்தில் விரியும், வறண்டால் சுருங்கும். அதனால் தரைப்பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைக்காமல் எட்டில் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி விடும்படி வட அமெரிக்கக் கட்டுமான வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆண்டு முழுவதும் புழுக்கமான சிங்கப்பூரிலும் பலகைகளுக்கு இடையே சிறிது இடம் விடுவது நல்லது. வேண்டுமென்றே இடைவெளி விடப்படும் ஓரத்தைக் கண்ணாடி போல வழவழப்பாக்குவது வீண் உழைப்பு.

மேடையின் முகப்புப் பலகை, மேலே தூக்கித் திறக்கும் மூடியின் ஓரம், மெல்லிய அலங்காரத் தாள் ஒட்டிய பலகை ஆகியவை வேறு கதை. அவை கண்ணில் படும். அவற்றுக்கு 60 பல் பிளேடு வேண்டும். ஒரே ஒரு பிளேடுதான் வாங்க முடியும் என்றால் 40 பல் நடுவழி. இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும்.

எங்கள் வீட்டில் மேடை அமைக்க வந்த தச்சர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அன்று அவர் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு பிளேடுகள் இருந்தன. உள்ளே போகும் பலகைகள் எல்லாவற்றையும் முதலில் ஒரே மூச்சாக வெட்டி அடுக்கினார். அதன்பின் பிளேடை மாற்றிக்கொண்டு, வெளியே தெரியும் நான்கு துண்டுகளை மெதுவாக வெட்டினார். ஏன் இரண்டு என்று கேட்டதற்கு, தெரியும் பக்கத்துக்கு ஒன்று, தெரியாத பக்கத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

வைரம் போன்ற பல்

இன்று கடைகளில் கிடைக்கும் மரம் வெட்டும் பிளேடுகளில் பெரும்பாலானவற்றின் உடல் எஃகு, பல்லின் முனை மட்டும் டங்ஸ்டன் கார்பைடு. இந்தப் பொருளின் பிறப்பு மின்விளக்கோடு தொடர்புடையது. விளக்கின் உள்ளே ஒளிரும் டங்ஸ்டன் இழையை மெல்லிய கம்பியாக இழுக்க வைர அச்சுகள் தேவைப்பட்டன. வைரத்தின் விலை அதிகம். அதற்கு மாற்றுத் தேடிய ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர், டங்ஸ்டன் கார்பைடு தூளை உலோகத்துடன் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்கு 1923ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் குருப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மன் மொழியில் ‘வைரம் போல’ என்று பொருள்படும் சொற்களின் சுருக்கம் அது.

அதே 1920களில் அட்லாண்டிக்கின் மறுகரையில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டும் தொழிலாளர்களின் சிரமத்தைக் குறைக்க நினைத்தார். அரிவாளில் மோட்டாரைப் பொருத்திப் பார்த்த அவருடைய முயற்சியிலிருந்துதான் கையடக்க மின் வட்ட ரம்பம் பிறந்தது என்று சொல்லப்படுகிறது. பொங்கலுக்குக் கரும்பு வாங்கும் நமக்கு இந்தக் கதை கொஞ்சம் நெருக்கமானதுதான்.

கார்பைடு முனைக்கு ஒட்டுப்பலகையில் தனி மதிப்பு உண்டு. ஒட்டுப்பலகை வெறும் மரம் அன்று. மெல்லிய மர ஏடுகளுக்கு இடையே கெட்டியான பசை அடுக்கடுக்காக இருக்கிறது. அந்தப் பசை சாதாரண எஃகுப் பல்லை விரைவில் மழுக்கிவிடும். கார்பைடு நீண்ட நாள் தாங்கும்.

ஆனால் கடினமான பொருள் எளிதில் உடையும் என்பதையும் மறக்கக்கூடாது. கார்பைடு பல் ஆணியில் மோதினால் நுனி தெறிக்கலாம். கடைக்குப் பின்னால் கிடக்கும் மரத்தட்டுகளைப் பிரித்து மறுபயன்பாடு செய்யும் பழக்கம் மாணவர்களிடையே உள்ளது. பாராட்டத்தக்க பழக்கம்தான். வெட்டுமுன் ஒரு காந்தத்தைப் பலகைமேல் ஓட்டிப் பார்த்து, ஒளிந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள்.

சிமெண்ட் கலந்த நார்ப்பலகையை மரத்துக்கான பிளேடால் வெட்டக்கூடாது. அதற்கு வைரத்தூள் முனைகொண்ட, மிகக் குறைந்த பற்களுள்ள தனிப் பிளேடு உண்டு. அந்தப் பலகையிலிருந்து எழும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், அந்த வேலையைத் தேர்ந்தவர்களிடம் விடுவதே சரி.

பிளேடின் பின்பக்கத்தைப் படியுங்கள்

செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் லிட்டில் இந்தியா. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஜாலான் புசார் பக்கம் வன்பொருள் கடைகள் இருக்கின்றன. நேரில் சென்றாலும் இணையத்தில் வாங்கினாலும் பிளேடின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது விட்டம். அமெரிக்க அளவில் ஏழேகால் அங்குலம் என்பது 184 மி.மீ. ஆசியச் சந்தையில் 185, ஐரோப்பாவில் 190 என்ற அளவுகளும் உண்டு. மின்கலத்தில் ஓடும் சிறிய ரம்பங்கள் பலவற்றுக்கு 165 மி.மீ. உங்கள் ரம்பத்தின் கையேட்டில் உள்ள அளவைவிடப் பெரிய பிளேடை எக்காரணத்துக்காகவும் பூட்டக்கூடாது.

இரண்டாவது நடுத்துளை. 20 மி.மீ., 30 மி.மீ. என்ற அளவுகளோடு, அமெரிக்காவிலிருந்து வருபவற்றில் 15.88 மி.மீ. துளையும் இருக்கும். துளை சற்றுப் பெரிதாக இருந்தாலும் பிளேடு மையம் தப்பிச் சுழலும், ரம்பம் அதிரும். அதற்கென்று செய்த குறைப்பு வளையத்தைத் தவிர வேறு எதையும் வைத்து இட்டு நிரப்பக்கூடாது.

மூன்றாவது வேகம். பிளேடில் ‘நிமிடத்துக்கு அதிகபட்சம் இத்தனை சுழற்சி’ என்று ஓர் எண் இருக்கும். அது உங்கள் ரம்பத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 174 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகம், கைக்கு மிக அருகில்.

நான்காவது தடிமன். பிளேடு போகும் தடத்தில் உள்ள மரம் தூளாகிவிடும். தடம் 2 மி.மீ. அகலம் என்று கொள்வோம். 2,440 மி.மீ. நீளப் பலகையை நான்கு சமத் துண்டுகளாக்க மூன்று முறை வெட்ட வேண்டும். அதில் 6 மி.மீ. தூளாகப் போய்விடும். எனவே ஒவ்வொரு துண்டும் 610 மி.மீ. ஆக இருக்காது, 608.5 மி.மீ.தான் இருக்கும். மூன்று கோடுகளையும் முன்கூட்டியே வரைந்துகொண்டு வெட்டினால் கடைசித் துண்டு சிறுத்துவிடுவதற்கு இதுதான் காரணம். மெல்லிய பிளேடு குறைவாகத் தின்னும், இயந்திரத்துக்கும் சுமை குறைவு. ஆனால் அழுத்தித் தள்ளினால் சற்று வளையக்கூடும்.

பல்லின் வடிவத்தையும் கவனிக்கலாம். அடுத்தடுத்த பற்களின் உச்சி இடமும் வலமுமாக மாறிமாறிச் சாய்ந்திருந்தால் அது ஒட்டுப்பலகைக்கு ஏற்றது. கத்தியைப் போல மர நாரை முதலில் அறுத்துவிட்டுப் பிறகு சீவும்.

நல்ல முகம் கீழே

வட்ட ரம்பத்தைப் பலகைமேல் வைத்து ஓட்டும்போது, வெட்டும் பல் கீழிருந்து மேலே ஏறி வருகிறது. மேற்பரப்பைத் தாண்டி வெளியேறும் நொடியில் அங்குள்ள மெல்லிய மர ஏட்டைத் தூக்கிப் பிய்க்கும். அதனால் சிராய் எழுவது மேல்பக்கத்தில்தான். ஆகவே அழகாக இருக்க வேண்டிய முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்து வெட்ட வேண்டும்.

மேசை ரம்பத்தில் இது தலைகீழ். அங்கே பிளேடு மேசைக்கு அடியிலிருந்து எழுகிறது. பல் மேலிருந்து கீழ்நோக்கி வெட்டுகிறது. அதனால் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும்.

மேற்பரப்பின் மர நாருக்குக் குறுக்கே வெட்டும்போது பிசிறு அதிகம் வரும். கோட்டின்மேல் கூரிய கத்தியால் முதலில் ஒரு கீறல் போட்டுவிட்டால் நார் அந்த இடத்திலேயே அறுந்து நிற்கும். ஒட்டுத்தாள் ஒட்டுவதும் ஓரளவு உதவும். பெரிய தச்சுப் பட்டறைகளில் உள்ள பலகை வெட்டும் இயந்திரங்கள் இதே தத்துவத்தைத்தான் பின்பற்றுகின்றன. பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு சிறிய பிளேடு எதிர்த்திசையில் சுழன்று, பலகையின் அடிப்பக்கத்தில் மெல்லிய கீறலைப் போட்டுக்கொண்டே போகும்.

விரலும் மூச்சும் காதும்

வட்ட ரம்பத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது பின்னுதைப்பு. பலகையின் நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் வெட்ட வெட்ட அது தொய்யும். வெட்டிய தடம் மூடிக்கொண்டு பிளேடை இறுக்கும். விளிம்பு அந்த வேகத்தில் ஓடும்போது இறுகினால், ரம்பம் தடத்திலிருந்து எகிறி நம்மை நோக்கித் தாவும். மழுங்கிய பிளேடும் பொருத்தமில்லாத பிளேடும் இதற்கு வாய்ப்பை அதிகமாக்கும்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. பலகை முழுவதையும் தடித்த நுரைப்பலகை ஒன்றின்மேல் படுக்கவைத்து வெட்டினால் தொய்வுக்கு இடமில்லை. பிளேடு பலகைக்குக் கீழே ஏறத்தாழ 5 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆழத்தை அமையுங்கள். 18 மி.மீ. பலகைக்கு 23 மி.மீ. ஆழம் போதும். பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டக்கூடாது. பலகையைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு இரு கைகளாலும் ரம்பத்தைப் பிடிக்க வேண்டும்.

பாதுகாப்பு மூடியை ஆப்பு வைத்துத் திறந்தபடி நிறுத்துவதை இணையக் காணொளிகள் சிலவற்றில் பார்க்கலாம். அதைப் பின்பற்ற வேண்டாம். பிளேடை மாற்றுமுன் மின்செருகியை உருவ வேண்டும். மின்கல ரம்பமென்றால் மின்கலத்தைக் கழற்ற வேண்டும். தளர்வான கையுறை, தொங்கும் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எதுவும் அருகில் வரக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கேடு தூசி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 1995ஆம் ஆண்டு சேர்த்தது. ஒட்டுப்பலகைப் பசைகள் பலவற்றில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில் உள்ளது. ஒரு நாள் வெட்டியதால் நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. வாழ்நாள் முழுவதும் இதே வேலை செய்யும் தச்சர்களை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். புகைமூட்டக் காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் வீட்டில் இருந்தால் அணிந்துகொள்ளுங்கள். கண்ணாடியும் அவசியம்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூரின் வேலையிட விதிகளின்படி 85 டெசிபல் ஓசையை ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு, இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். வட்ட ரம்பம் 100 டெசிபலை எட்டுவது அரிதன்று. காதடைப்பான் இல்லாமல் ஒரு பிற்பகல் முழுவதும் வெட்டுவது, இசை கேட்கும் நம் காதுகளுக்கு நாமே செய்யும் துரோகம்.

அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள்?

வீவக வீட்டில் ரம்பத்தின் ஓசை நம் கதவோடு நிற்பதில்லை. மேல்வீட்டுக் குழந்தையும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதைக் கேட்கிறார்கள். வீவக விதிகளின்படி சுவர் இடிப்பது, தரைக்கல் வெட்டுவது போன்ற பேரிரைச்சல் புதுப்பிப்புப் பணிகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. பலகை வெட்டுவதையும் அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்வது பண்பு. பொது நடைபாதையைப் பட்டறையாக்குவதும் சரியன்று.

இங்கே ஓர் எளிய வழி இருக்கிறது. பலகை விற்கும் கடைகள் பல, கேட்டால் அளவுக்கு வெட்டித் தருகின்றன. 2.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலமுள்ள மேடையின் மேற்பரப்புக்கு நான்கடிக்கு எட்டடிப் பலகை இரண்டு போதும். ஒவ்வொன்றையும் 900 மி.மீ. அகலமாக நீளவாக்கில் ஒரு முறையும், 2,400 மி.மீ. நீளமாகக் குறுக்கே ஒரு முறையும் வெட்ட வேண்டும். மொத்தம் 6.6 மீட்டர் வெட்டு. மேலே சொன்ன வேகத்தில் ரம்பம் ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அந்த இரண்டு நிமிடத்துக்காகப் புது ரம்பமும் இரண்டு பிளேடுகளும் வாங்கி அலமாரியில் தூங்கவைக்க வேண்டுமா என்று யோசிப்பது நல்லது. கடையிலேயே வெட்டி வாங்கினால் மின்தூக்கியில் ஏற்றுவதும் சுலபம்.

திரும்பத் திரும்ப மேடை அமைக்கும் நாடகக் குழுவுக்கும், தச்சுவேலையில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கும் ரம்பம் வாங்குவது தகும். அவர்கள் முதல் வெட்டைத் தனியாகப் போடாமல், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது போடட்டும்.

கையில் இருக்கும் கல்வி

நம்மில் பலரும் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தைத் தொட்டிருக்கிறோம். பட்டறையில் கண்ணாடி அணிந்து, சிறிய ரம்பத்தால் ஒரு துண்டு மரத்தை அறுத்து, கைப்பேசித் தாங்கியோ பெட்டியோ செய்திருக்கிறோம். பிறகு பாடத் தேர்வு வருகிறது. பலர் அத்துடன் பட்டறையை விட்டு விலகிவிடுகிறார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ சென்று கைத்திறனை வளர்ப்பவர்களை நாம் சில வேளைகளில் இரண்டாம் வரிசையில் நிறுத்திப் பார்க்கிறோம்.

ஒரு பிளேடைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு அறிவு தேவைப்படுகிறது என்று மேலே பார்த்தோம். வட்டத்தின் சுற்றளவு, பொருளியல், மரத்தின் நார் அமைப்பு, ஒலியளவு, சுகாதாரம், சட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டப்படிப்பில் நாங்கள் தனித்தனி அத்தியாயமாகப் படிப்பதை ஒரு நல்ல தச்சர் பலகையைத் தூக்கிப் பார்க்கும் நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார். கட்டுமானத் தளங்களில் கான்கிரீட்டுக்கான பலகை அச்சுகளை வெட்டும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது அன்றாட வேலை. செங்காங்கின் மாடிகளை எழுப்பியதில் அத்தகைய கைகளுக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை வீட்டுக்குத் தச்சர் வந்தால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அருகில் நின்று பாருங்கள். எந்தப் பிளேடு, ஏன் இந்தப் பக்கம் கவிழ்த்து வைக்கிறீர்கள் அண்ணன் என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள்.

பிளேடு வாங்கக் கடைக்குப் போகும்போது மூன்று விவரங்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனால் போதும்: ரம்பத்தின் கையேட்டில் உள்ள விட்டமும் நடுத்துளையும் வேகமும், வெட்டப்போகும் பலகையின் வகையும் தடிமனும், வெட்டிய ஓரம் வெளியே தெரியுமா இல்லையா என்பது. மூன்றாவது விவரத்துக்கு விடை ‘தெரியாது’ என்றால், தயங்காமல் 24 பல் பிளேடைக் கேளுங்கள்.